அடிக்கடி கைமாறும் அலைகள்

கிளிநொச்சிப் பக்கத்தில் எமது பயிற்சி நிலையமொன்றில் தையல் பழகும் தாய் ஒருவர், கனடாவிலுள்ள மகனுடன் வாட்சப்பில் கதைத்தபடி மண்டபத்திலிருந்து விறாந்தைக்கு வருவார். சரியாகத் தூணடியில் பேச்சு அறுந்துவிடும். “பாதர், உங்கட தூணில ஏதோ இருக்குது” என்பார். தூணில் ஒன்றுமில்லை. பிழை எங்களுடையது.

மண்டபம், விடுதி, அலுவலகம் என மூன்று இடங்களில் வைஃபைக் கருவிகளை மாட்டி, மூன்றையும் முழு வலுவில் விட்டிருந்தோம். விறாந்தையில் மூன்றின் அலையும் ஏறக்குறையச் சமமாக விழுந்தது. ஆள் திரும்பினாலோ கதவு சாத்தினாலோ ஒன்று சற்றுக் கூடும், மற்றது குறையும். கைத்தொலைபேசி அங்குமிங்குமாகத் தாவிக்கொண்டிருந்தது.

வைஃபையில் தாவுவதா இருப்பதா என்று தீர்மானிப்பது பெரும்பாலும் கைத்தொலைபேசியே, சுவரிலுள்ள கருவியல்ல. தாவும்போதெல்லாம் புதிய கருவியிடம் தன்னைத் திரும்பப் பதிய வேண்டும். இடம்பெயர்ந்த காலத்தில் போன போன ஊரிலெல்லாம் விதானையாரிடம் நிவாரண அட்டையைப் பதிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். பதிவு முடியும்வரை பங்கீடு இல்லை. மின்னஞ்சலில் அந்தத் தாமதம் தெரியாது, பேச்சில் தெரியும்.

ஆகவே நிதானம் தேவை. ஐபோன், பிடித்திருக்கும் அலை மைனஸ் 70 டெசிபெல் மில்லிவாட்டுக்குக் கீழே இறங்கும்வரை வேறிடம் தேடாது. தேடினாலும், தரவு ஓடும்போது புதியது 8 டெசிபெல்லாவது கூடுதலாக இருக்க வேண்டும்; சும்மா இருக்கும்போது 12. வீதியோரக் கோபுரங்களிலும் இதே நியாயந்தான், ஆனால் அங்கே தீர்மானிப்பது வலையமைப்பு. புதிய கோபுரம் குறித்த அளவு மேலோங்கி, அது சிறிது நேரம் நிலைத்தால் மட்டுமே அழைப்பு கைமாறும்.

நாலாவது கருவி வாங்கும்படி சிலர் ஆலோசனை கூறினர். வாங்கியிருந்தால் தாவல் கூடியிருக்கும், பணமும் போயிருக்கும். நாங்கள் மூன்றின் வலுவையும் குறைத்தோம். அலைவரிசைகளை 1, 6, 11 எனப் பிரித்தோம். அலுவலகக் கருவியை விறாந்தையிலிருந்து தள்ளி மாட்டினோம். முதலில் மிதமிஞ்சிக் குறைத்துவிட்டோம். விடுதியின் கடைசி அறையிலிருந்த பிள்ளை, பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்ப இரவில் முற்றத்துக்கு வர நேர்ந்தது. அங்கு மட்டும் சற்றுக் கூட்டினோம். மறுபதிவைச் சுருக்கும் 802.11ஆர் என்ற 2008ஆம் ஆண்டு நியமத்தையும் இயக்கிப் பார்த்தோம். பழைய கைத்தொலைபேசிகள் இரண்டு இணையவே மறுத்ததால் நிறுத்திவிட்டோம். செலவு ஒரு பின்னேரம், ஓர் ஏணி.

அந்தத் தாய் இப்போதும் தூணடிக்கு வந்ததும் ஒரு கணம் நின்று, “தம்பி, கேக்குதா?” என்கிறார். கேட்கிறது.