மலையடி நகரங்கள் – 14: நிரம்பக் கூடாத அணை

அல்மாட்டியின் ஆப்பிள் தோட்டங்களும், 1911 நிலநடுக்கத்தில் சாயாமல் நின்ற மரத் தேவாலயமும் சென்ற வாரத்தோடு முடிந்தன. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள். நகரத்திலிருந்து தனியாகக் கார் எடுத்து, கைடு வைத்துக்கொண்டு, ஒரே பகலில் மலைக்குப் போய்த் திரும்புவதைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். காலையில் மெடேயு, பிற்பகலில் பெரிய அல்மாட்டி ஏரி. இதுதான் திட்டம். ஆனால் மெடேயுவில் ஓர் அணை இருக்கிறது. ஒரு வாரமாக என் தலைக்குள் வேறெதுவும் ஓடவில்லை.

முதலில் கார், கைடு விஷயம். இந்தியர்களுக்கு கஜகஸ்தானில் 14 நாட்கள் வரை விசா வேண்டாம் என்று 2022-ல் அறிவித்தார்கள். டெல்லியிலிருந்து நேரடி விமானமும் இருப்பதால் நம்மவர்கள் கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். பெரும்பாலும் பேக்கேஜ் டூர். நாற்பது பேரோடு பஸ்ஸில் ஏறினால் கோக்-தோபே குன்றில் அரை மணி, மெடேயுவில் அரை மணி, அதற்கு மேலே ஷிம்புலாக் பனிச்சறுக்கு மையத்துக்கு ரோப் கார், திரும்பி வந்து சாப்பாடு. தனிக் காருக்கு ஆள் கணக்கு கிடையாது, வண்டிக்கு இவ்வளவு என்று பேசுவார்கள். நான்கு பேர் சேர்ந்தால் பஸ் டூருக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வராது. ரோப் கார் டிக்கெட் அதில் சேர்த்தியா, காத்திருப்பதற்குத் தனிக் காசா என்பதை மட்டும் கிளம்புமுன் கேட்டுவிடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: “நான் நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தணும்.” தனிக் காரின் மொத்த அருமையும் அதில்தான் இருக்கிறது.

எங்களுக்கு வாய்த்த கைடு அறுபதை நெருங்கும் ஒரு கஜக் அம்மா. முன்பு பள்ளியில் புவியியல் நடத்தியவர். அங்கே ஆசிரியையை ‘அபாய்’ என்று கூப்பிடுவது வழக்கம். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கூட வந்தவர் அல்மாட்டியில் மருத்துவம் படிக்கும் திருநெல்வேலிப் பையன்.

அல்மாட்டியில் வழி கேட்டால் மேலே போ, கீழே போ என்பார்கள். மேலே என்றால் தெற்கு, அதாவது மலை. கீழே என்றால் வடக்கு, புல்வெளி. ஊரே ஒரு சரிவு. தெருவோரங்களில் ஆரிக் எனப்படும் சின்ன வாய்க்கால்கள் ஓடும். கோடையில் அவற்றில் வருவது மலைத் தண்ணீர். இருபது லட்சம் பேர் வாழும் நகரத்தின் நடுவிலிருந்து பதினைந்து கிலோமீட்டர் போனால் மெடேயு. கடல் மட்டத்திலிருந்து 1,691 மீட்டர் உயரத்தில் உலகப் புகழ்பெற்ற பனிச்சறுக்குத் திடல். மெல்லிய காற்று, மலையாற்று நீரில் உறைந்த பனித்தளம். இந்த இரண்டாலும் நூற்றுக்கும் மேற்பட்ட உலக சாதனைகள் இங்கே நிகழ்ந்திருக்கின்றன. இப்போதுள்ள அரங்கம் 1972-ல் கட்டி முடிக்கப்பட்டது. இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரங்கத்துக்கு மேலே பள்ளத்தாக்கை அடைத்துக்கொண்டு ஒரு சரிவு தெரியும். கல்லும் புல்லுமாக இருப்பதால் பார்ப்பவர்கள் இன்னொரு மலை என்றே நினைப்பார்கள். அதன் மேல் நேராக ஏறுகிறது ஒரு படிக்கட்டு. மொத்தம் 842 படிகள்.

“டேம்னே தெரியாது சார்” என்றார் திருநெல்வேலித் தம்பி. “பரீட்சை முடிஞ்சா இங்க வந்து ஏறுவோம். சாயங்காலம் ஊரே ஏறிட்டு இருக்கும். எக்சர்சைஸுக்குக் கட்டினதுன்னுதான் நினைச்சோம்.”

ஏறினோம். ஓடியே ஏறுகிறவர்கள் பக்கத்தில் மூச்சிரைத்தபடி கடந்து போனார்கள். உச்சியை அடைந்து மறுபக்கம் எட்டிப் பார்த்தால் தண்ணீரே இல்லை. அகலமான, வெறும் கல் பரப்பு. ஓர் ஓரமாகச் சின்ன அல்மாட்டி ஆறு நெளிந்து போகிறது. மேட்டூரையும் வைகையையும் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது விளங்கவில்லை. 150 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டி, எதற்காகக் காலியாக வைத்திருக்கிறார்கள்?

“காலியாக இருந்தால்தான் ஊர் பிழைக்கும்” என்றார் அபாய்.

இந்த மலைகளின் மேல் பனியாறுகள் உண்டு. பனியாறு பின்வாங்கும்போது தான் அரைத்துத் தள்ளிய கல்லையும் மண்ணையும் கரை போல விட்டுப்போகிறது. அந்தக் கரைக்குப் பின்னால் உருகிய நீர் தேங்கி ஏரியாகிறது. கரையில் உறுதி கிடையாது, கல்லுக்கு நடுவே ஐஸும் இருக்கும். கடும் வெயிலில் ஐஸ் இளகிக் கரை உடைந்தால் தண்ணீர் செங்குத்தான பள்ளத்தாக்கில் பாய்கிறது. பாயும் வழியில் மண்ணை அள்ளி, மரத்தைப் பிடுங்கி, கீழே வரும்போது கான்கிரீட் கலவை அளவுக்குக் கெட்டியாகிவிடுகிறது. அந்தக் கெட்டியில் லாரி அளவு பாறையும் மிதந்து வரும். 2013-ல் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்ததும், 2023-ல் சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தா-3 அணையை அடித்துக்கொண்டு போனதும் இதே குடும்பம்தான்.

இப்படிப்பட்ட சேற்று வெள்ளத்தை அல்மாட்டி முதலில் பெரிய அளவில் பட்டது 1921 ஜூலை 8 இரவு. அன்று பனியேரி உடையவில்லை, பெருமழை. சின்ன அல்மாட்டி ஆறு வழியாகச் சேறும் பாறையும் அலை அலையாகத் தூங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் இறங்கின. நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். வீடுகள் இருந்த தெருக்களில் விடிந்தபோது பாறைகள் கிடந்தன. அப்போது அது சின்ன ஊர். 1929-ல் தலைநகரமானதும் மக்கள் வந்து குவிந்தார்கள். ஆறு அதே ஆறு, மலை அதே மலை.

அடுத்தது இசிக் ஏரி. கிர்கிஸ்தானில் இருக்கும் இசிக்-குல் வேறு, இது அல்மாட்டிக்குக் கிழக்கே மலைக்குள் இருந்த அழகான ஏரி. பழங்காலத்தில் ஒரு நிலச்சரிவு பள்ளத்தாக்கை அடைத்ததால் உண்டாகி, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்து நின்றது. நகரத்து மக்கள் லீவு நாளில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிற இடம். 1963 ஜூலை 7-ஆம் தேதி மேலிருந்து சேற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கியது. நீர் எகிறிக் கரையைக் கடந்தது, கரை அரிபட்டது, ஏரி மொத்தமும் கீழே ஓடிவிட்டது. காலையில் இருந்த ஏரி மறுநாள் இல்லை. இப்போது அங்கே போனால் ஏரி உண்டு. அது பின்னால் கரை கட்டி ஓரளவு மீட்டது, பழைய ஏரி அல்ல.

இசிக் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. ஏரிக்குக் கீழே உள்ள அதே பெயர் ஊரில், 1969-ல் ஒரு மண்மேட்டைத் தோண்டியபோது சகர் என்ற பழங்கால நாடோடி மக்களின் கல்லறை ஒன்று அகப்பட்டது. உள்ளே கிடந்த இளவயதுக்காரரின் உடையில் நான்காயிரம் பொன் துண்டுகள். ‘தங்க மனிதன்’ என்று பெயர் வைத்தார்கள். அல்மாட்டியின் குடியரசுச் சதுக்கத்தில் தூணின் உச்சியில் சிறகுள்ள சிறுத்தை மேல் நிற்பது அந்த உருவம்தான். பேக்கேஜ் பஸ்கள் அங்கே கட்டாயம் நிற்கும். அவரோடு சேர்த்து ஏரியின் கதையையும் சொன்னால் நன்றாக இருக்கும்.

இசிக் போனதும் அல்மாட்டிக்கு உறக்கம் போயிற்று. மெடேயு பள்ளத்தாக்கில் தடுப்பு வேண்டும், சீக்கிரம் வேண்டும். கல் கொண்டுவந்து கொட்டிக் கட்டினால் வருடக்கணக்கில் ஆகும், ஒவ்வொரு கோடையும் ஒரு கண்டம். அப்போது எடுத்த முடிவுதான் இந்த வாரம் முழுக்க என்னை ஆட்டிவைத்தது. மலையையே வெடித்துப் பள்ளத்தாக்கில் விழவைத்து அணையாக்குவது! கணக்குப் போட்டவர்களில் முக்கியமானவர் மிகைல் லவ்ரேந்தியேவ். நோவோசிபிர்ஸ்கில் அறிவியல் நகரத்தை நிறுவிய கணித மேதை. வெடியின் விசையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை வாழ்நாள் ஆராய்ச்சியாக வைத்திருந்தவர். மலைக்குள் சுரங்க அறைகள் குடைந்து 5,000 டன்னுக்கு மேல் வெடிமருந்தை அடைத்தார்கள். 1966 அக்டோபர் 21-ல் வலக்கரையை வெடித்தார்கள். மலையின் ஒரு பக்கம் எழும்பி, பள்ளத்தாக்குக்குக் குறுக்கே, விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. 1967 ஏப்ரலில் இடக்கரை. கோடைக்குள் அணையின் உடம்பு தயார்.

பதினைந்து கிலோமீட்டரில் அன்றைய தலைநகரம். அதன் தலைமாட்டில் ஐயாயிரம் டன் வெடி. ஒரு கட்டடமும் இடியாமல் அந்த வேலையை முடிக்க எத்தனை பேர் எத்தனை இரவு கணக்குப் பார்த்திருப்பார்கள்! படிக்கட்டில் நின்று இரண்டு பக்கத்து மலையையும் மாறி மாறிப் பார்த்தேன். கைடு காட்டினால் வெட்டுப்பட்ட முகம் இன்றும் தெரிகிறது.

ஆறே வருடம். 1973 ஜூலை 15 மாலை, துயுக்சு பனியாற்றின் அடியில் இருந்த ஏரி உடைந்தது. வழியில் போட்டிருந்த சின்னத் தடுப்புகள் நொறுங்கின. கொரெல்னிக் என்ற சுற்றுலா முகாம் அடித்துப்போகப்பட்டது. அங்கே இருந்தவர்கள் பலர் உயிரிழந்தார்கள். அந்த அலை நேராக வந்து அணையில் மோதியது. அணை தாங்கியது. அரங்கம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. அதற்குக் கீழே மொத்த நகரம்.

தாங்கியதோடு கதை முடியவில்லை. அணைக்குப் பின்னால் இருந்த இடத்தில் பெரும் பகுதி ஒரே மோதலில் நிரம்பிவிட்டது. நீர் வெளியேறும் வழிகளைச் சேறு அடைத்துக்கொண்டது. ஆறு வந்துகொண்டே இருக்கிறது, மட்டம் ஏறுகிறது, வெடித்துப் போட்ட கல் என்பதால் அணையின் உடம்பு வழியாகவும் கசிவு. மேலே இன்னோர் ஏரி உடைந்தால் தாங்காது. இரவு பகலாக பம்புகளை ஏற்றி, இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, அணைக்கு மேலாகத் தண்ணீரை எடுத்து வெளியேற்றினார்கள்.

“எங்கப்பா வெல்டர்” என்றார் அபாய். “அன்றைக்கு லாரி வந்து தெருவில் இருந்த வெல்டர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. அம்மா சாப்பாடு கட்டக்கூட நேரம் இல்லை. திரும்பி வந்தபோது கண் திறக்க முடியாமல் இரண்டு நாள் இருட்டறையில் படுத்திருந்தார். உருளைக்கிழங்கைச் சீவி அம்மா கண் மேல் வைத்துக் கட்டியது ஞாபகம் இருக்கிறது.” சொல்லிவிட்டுக் கைப்பிடிக் கம்பியில் இருந்த பற்றுப் புடைப்பை விரலால் தடவிக் காட்டினார். அது அவருடைய அப்பா பற்றவைத்தது அல்ல, புதிது. வெல்டர் வீட்டுப் பிள்ளைக்கு எந்தக் கம்பியிலும் முதலில் கண்ணில் படுவது அதுதான் போலும்.

தேதிகளைக் குறித்துக்கொண்டபோது ஒன்று கண்ணில் பட்டது. 1963 ஜூலை 7. 1973 ஜூலை 15. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. ஜூலைக்குக் காரணம் இருக்கிறது, பனி அதிகம் உருகும் மாதம். ஞாயிறு தற்செயல்தான். ஆனால் அந்தத் தற்செயலால்தான் இரண்டு முறையும் மலையில் அவ்வளவு கூட்டம். அவர்களில் பலர் வெயில் தாங்காமல் ஒரு பகலை மலையில் கழிக்க வந்த நகரத்துக் குடும்பங்கள். நீங்களும் நானும் காருக்கு முன்பணம் கட்டிப் போகிறோமே, அதே பயணத்துக்குப் போனவர்கள். இந்த அணையைப் பத்து நொடியில் கடந்து ஷிம்புலாக்குக்குப் பறக்கும் டிரைவர்கள் மேல் எனக்கு வருத்தம் இருப்பது அதனால்தான்.

ஷிம்புலாக்குக்கும் போனோம். மெடேயுவிலிருந்து நாலரை கிலோமீட்டர் ரோப் கார், 2011 ஆசியக் குளிர்கால விளையாட்டுக்காகப் போட்டது. அதற்கு மேலும் மாறி ஏறினால் 3,100 மீட்டரைத் தாண்டித் தல்கார் கணவாய். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். தலைவலி வந்தால் படம் எடுக்க நிற்காமல் இறங்கிவிடுங்கள். சைவம் சாப்பிடுபவர்கள் ஊரிலேயே கட்டிக்கொண்டு போவது நல்லது. போகும் வழியில் கீழே பாருங்கள், 1973-ல் அந்த வெள்ளம் வந்த பள்ளத்தாக்கு அதுதான்.

துயுக்சு பனியாற்றை 1957-லிருந்து தொடர்ந்து அளக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அது விட்டுப்போகும் இடங்களில் புதுப்புது ஏரிகள். 2015 ஜூலையில் நகரத்தின் மேற்கே கர்கலி ஆற்றில் அப்படி ஒன்று உடைந்து சேறு வீடுகளுக்குள் வந்தது. உயிர்ச்சேதம் இல்லை, காயம்பட்டவர்கள் உண்டு. 1973-க்குப் பிறகு இதற்கென்றே ஓர் அரசு அமைப்பை உண்டாக்கினார்கள். அதன் ஆட்கள் வெயில் ஏறுமுன் பனியேரிகளுக்குப் போய், குழாய் போட்டு உறிஞ்சி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வடிக்கிறார்கள். அணைக்கு வேலை வைக்காமல் இருப்பது இவர்கள் வேலை. மெடேயு அணையை இன்றைய உயரத்துக்கு ஏற்றியதும் 1973-க்குப் பிறகுதான்.

பெரிய அல்மாட்டி ஏரிக்கு இந்த வாரம் இடம் இல்லை. 2,511 மீட்டர் உயரத்தில் பச்சையும் நீலமுமாகக் கிடக்கும் அந்த நீர், நகரத்துக்குக் குடிநீர். கால் நனைக்கக்கூட விடமாட்டார்கள். காருக்குத் தடுப்புப் போட்டிருப்பதால் ராட்சதக் குழாய் ஒன்றை ஒட்டி நடந்துதான் ஏற வேண்டும். அந்தக் குழாயைப் பற்றி அபாய் சொன்னது நிறைய இருக்கிறது. அடுத்த வாரம்.

(தொடரும்)