மேலே போனா போதுமா? பத்திரமா கீழே இறங்க வேண்டாமா?
மாடல் ராக்கெட்டின் உயிர் துணிக்குடையில்!

கள்ளக்குறிச்சி,

சீறிக்கொண்டு வானில் பாயும் ராக்கெட் முழுசாகத் திரும்பி வருமா, சுக்குநூறாகுமா என்பது எஞ்சின் கையில் இல்லை. தலைப்பகுதியில் மடித்து வைத்த சின்னத் துணியின் கையில் இருக்கிறது!

2023 பிப்ரவரி 19-ந் தேதி மாமல்லபுரம் அருகே பட்டிப்புலத்தில் இருந்து, பள்ளி மாணவர்கள் உருவாக்கிய 150 குட்டி சாட்டிலைட்டுகளுடன் ஒரு ராக்கெட் கிளம்பியது. 2024 ஆகஸ்டு 24-ந் தேதி திருவிடந்தையில் இருந்து 'ரூமி-1' பறந்தது. 3 கியூப் சாட்டிலைட், 50 பிகோ சாட்டிலைட் அதில் சவாரி! பாராசூட்டில் இறக்கும் ஏற்பாடும் உண்டு.

"நாமளும் ஒண்ணு விட்டா என்ன?" என்று நம்ம ஊர்ப் பையனுக்கு ஆசை வந்தால் தப்பில்லை. ஆனால் கணக்குத் தெரியாமல் இறங்கினால் ஆபத்து.

எடை கூடினால் குடை கூடும்

200 கிராம் ராக்கெட் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் மெதுவாக இறங்க, சுமார் 48 செ.மீ. விட்டமுள்ள பாராசூட் வேண்டும். அதில் 100 கிராம் கருவியை ஏற்றினால்? குடை 59 செ.மீ. ஆகிவிடும். குடை பெருத்தால் அதை வைக்கும் அறையும் நீள வேண்டும். கருவிக்கு மட்டும் இடம் பார்த்து, குடைக்கு இடம் விடாதவன் ஏமாந்தான்!

இறுக்கம் எமன்

குழாய்க்குள் துணியைத் திணித்தால் உச்சியில் அது வெளியே வராது. ராக்கெட் ஈட்டி மாதிரி தலைகுப்புறப் பாயும். கீழே ஆள் நின்றால் என்ன ஆகும்? சோதனை சுலபம். மடித்த துணி, வாயால் ஊதினாலே குழாயை விட்டு நழுவ வேண்டும். மூக்கைப் பிடித்துத் தூக்கினால் மூடி கழன்று விழவும் கூடாது. துணிக்கும் வெடிமருந்துச் சூட்டுக்கும் நடுவே தீப்பிடிக்காத தாள் அவசியம்.

மலை மேலே வேறு கணக்கு

பெரிய கல்வராயன் சராசரி 4 ஆயிரம் அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி அடிவாரத்தைவிட சுமார் 10 சதவீதம் குறைவு. அதே 59 செ.மீ. குடை அங்கே வேகமாக இறங்கும். 62 செ.மீ. வேண்டும்.

குடையை ரொம்பப் பெரிசாக்கினாலும் வம்பு. 200 மீட்டர் உயரத்தில் விரிந்தால் இறங்க 40 வினாடி. மணிக்கு 18 கி.மீ. காற்றடித்தால் 200 மீட்டர் தள்ளிப் போய் விழும். வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் என்றால் காட்டுக்குள் போய் மறைந்தாலும் மறையும். கருவியும் போச்சு, காசும் போச்சு!

பட்டாசு மருந்தைக் கொட்டி வீட்டிலேயே எஞ்சின் செய்யும் விபரீதம் மட்டும் வேண்டவே வேண்டாம். விரலும் கண்ணும் திரும்ப வராது. ஆசிரியர் துணையோடு, அனுமதி வாங்கி, காய்ந்த புல் இல்லாத திறந்தவெளியில் விடுவதே புத்திசாலித்தனம்.