பணத்தின் பாதையும் நீதியின் அளவுகோலும்

கத்தோலிக்கக் குருமாரைப் பயிற்றுவிக்கும் தேசியக் குருமடம் அமைந்துள்ள இடம், கண்டியை அடுத்த அம்பிட்டிய. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் ஆலயங்கள் குருதியில் தோய்ந்தமை, அக்குருமடத்திற்கும் ஆறாத வடுவாகும். அன்றைய தாக்குதல்களில் 250 இற்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இத்துணை அழிவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

தற்கொலைதாரிகளில் இருவர் செல்வந்த வாசனைத் திரவிய வர்த்தகர் ஒருவரின் புதல்வர்கள். செலவின் பெரும்பகுதி அவர்களது சொந்தச் செல்வத்திலிருந்தே வந்ததென விசாரணைகள் வெளிப்படுத்தின. எல்லை தாண்டும் பணத்தையே தேடிய கண்களுக்கு இது புலப்படாமற் போனதில் வியப்பில்லை.

விடுதலைப் புலிகளின் நிதி வலையமைப்போ முற்றிலும் வேறானது. புலம்பெயர்ந்தோரின் பங்களிப்பு, வர்த்தக முயற்சிகள், தமது கட்டுப்பாட்டுப் பிரதேச வரிகள் என அது பரந்திருந்தது. விரும்பிக் கொடுத்தோர் பலர். எனினும் கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடும்பங்கள் அச்சுறுத்தப்பட்டுப் பணம் பெறப்பட்டதை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2006 இல் பதிவு செய்தது.

2001 செப்டெம்பர் தாக்குதல்களின் பின்னர் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1373 ஆம் இலக்கத் தீர்மானம், பயங்கரவாதத்திற்கான நிதியைத் தடுக்குமாறு சகல நாடுகளையும் பணித்தது. இலங்கையும் 2005 இல் அதற்கென சட்டம் இயற்றியது. 2006 இல் நிதியியல் உளவறிதல் பிரிவை அமைத்தது. அவ்வாண்டிலேயே தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கணக்குகள் முடக்கப்பட்டன. 2007 இல் அமெரிக்காவும் அக்கழகத்தின் சொத்துகளை முடக்கியது. சுனாமி நிவாரணப் பணியிலும் ஈடுபட்டிருந்த அமைப்பு அது. ஆயுதத்திற்கான பணத்தையும் அன்னத்திற்கான பணத்தையும் பிரித்தறிவது எத்துணை கடினமென்பதற்கு இதுவே சான்று.

இக்கடினத்தைச் சந்தேகத்தால் கடந்துவிட முடியாது. 2014 இல் 16 அமைப்புகள் இலங்கையில் தடைப்பட்டியலில் இடப்பட்டன. ஆட்சி மாறிய பின் 2015 இல் சில நீக்கப்பட்டன. மீண்டும் ஆட்சி மாறியதும் 2021 இல் சில சேர்க்கப்பட்டன. ஆட்சியோடு மாறும் பட்டியல், சான்றின் வலிமையைவிட அரசியலின் வசதியையே மக்களுக்கு உணர்த்தும்.

கொலைக்கான பணம் தடுக்கப்பட வேண்டும் என்பதில் இரு வேறு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால் தடைக்கான காரணம் எழுத்தில் வழங்கப்படவும், சுயாதீன நீதிமன்றம் அதனை மீளாய்வு செய்யவும் வேண்டும். இன்றேல், வெளிநாட்டிலுள்ள மகனின் பணத்தை எதிர்பார்த்திருக்கும் தாயே வங்கி வாயிலில் விசாரிக்கப்படுவாள். உள்ளூர்ச் செல்வந்தனின் வஞ்சகமோ கண்காணிப்புக்குத் தப்பிவிடும். கொடுப்போரும் தமது பணம் எங்கே செல்கிறதெனக் கேட்கத் தயங்கலாகாது. அக்கேள்வி துரோகமன்று; கடமையென்றே நாம் கருதுகிறோம்.