மின்கலம் கேட்கும் நீர்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் சாலை கேரள எல்லையைத் தொடும் இடம் கம்பம்மெட்டு. இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்லும் தேனி மாவட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே ஜீப்புகள் இச்சாலையில் ஏறுகின்றன. ஒரு ஜீப் கிளம்பவில்லை என்றால், அதை நம்பிக் காத்திருப்போர் அனைவருக்கும் அன்றைய கூலி போய்விடும். ஜீப் கிளம்பாமைக்குப் பல காரணங்கள் இருக்கலாம். அவற்றுள் மிக எளிதாகத் தவிர்க்கக்கூடியது, மின்கலத்தில் நீர் வற்றிப்போவது. பருவமழையில் மரங்கள் சாய்ந்து மின்கம்பிகள் அறுந்த இரவுகளில், இன்வெர்ட்டரை நம்பியிருக்கும் மலையூர் வீடுகளுக்கும் இஃது பொருந்தும்.

வழக்கில் 'பேட்டரி' எனப்படும் ஈய அமில மின்கலத்தை 1859ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். 12 வோல்ட் பேட்டரி ஒன்றினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 2 வோல்ட் தரும். அறையினுள் ஈயத் தகடுகளும் ஈய டையாக்சைடு பூசிய தகடுகளும் அடுத்தடுத்து நிற்கும். அவற்றை மூடியவாறு நீர் கலந்த கந்தக அமிலம் இருக்கும். மின்சாரம் வெளியேறும்போது அமிலம் தகடுகளில் சேர்ந்து ஈய சல்பேட்டாக மாறும். மின்னேற்றம் செய்தால் அது மீண்டும் கரைசலுக்குத் திரும்பும்.

அவ்வாறாயின் நீர் எங்கே போகிறது? மின்கலம் நிறைந்த பின்னும் மின்னோட்டம் தொடர்ந்தால், அம்மின்னோட்டம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். இவ்வளிமங்கள் மூடியின் துளைகள் வழியே வெளியேறும். மூன்று ஆம்பியர்-மணி அளவு மிகை மின்னேற்றத்தால் ஒவ்வோர் அறையிலும் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் நீர் குறைகிறது. சிறிய அளவுதான், ஆயினும் நாள்தோறும் நிகழ்வது. வெப்பம் மிகுந்தால் இழப்பும் மிகும். ஆகவே, மலைமேல் குளிரில் இருக்கும் மின்கலத்தைவிடக் கீழே கம்பத்தின் வெயிலில் இருக்கும் மின்கலத்தை அடிக்கடி பார்க்கவேண்டும்.

இங்கே மனத்தில் நிறுத்தவேண்டியது ஒன்று உண்டு: வெளியேறுவது நீர் மட்டுமே, அமிலம் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆதலால் திருப்பி ஊற்றவேண்டியதும் நீர் மட்டுமே. 'ஆசிட் ஊற்றினால் வேகம் கூடும்' என்று சிலர் நம்புவர். அது தவறு. அமிலம் சேர்த்தால் ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி கூடுதலாகத் தெரியும். தகடுகளில் மின்னேற்றம் கூடியிராது. மிகுந்த அமிலம் தகடுகளை அரித்துக் கெடுக்கும்.

எந்த நீரை ஊற்றுவது என்பதில் மலையூர்களில் பலர் ஏமாந்துபோகின்றனர். சுனைநீர் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும், குடிக்கவும் இனிக்கும். ஆனால் பாறையையும் மண்ணையும் கடந்து வரும் நீரில் கால்சியமும் இரும்பும் குளோரைடும் கரைந்திருக்கும். குடிப்பவருக்கு இவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. மின்கலத்திலோ, இரும்பு இரு தகடுகளுக்கிடையே மாறி மாறி வினைபுரிந்து, பயன்படுத்தாத நேரத்திலும் மின்னேற்றத்தைக் கரைத்துவிடும். குளோரைடு நேர்மின் தகட்டை அரிக்கும். மழைநீர் வானிலிருந்து வரும்போது ஓரளவு தூயது என்றாலும், தகரக் கூரையின் துருவையும் தூசியையும் கழுவிக்கொண்டே பாத்திரத்தில் விழுகிறது. காய்ச்சி வடித்த நீரே ஏற்றது. கடைகளில் 'டிஸ்டில்டு வாட்டர்' என்று கேட்டால் கிடைக்கும். அதன் விலை புதிய பேட்டரியின் விலையோடு ஒப்பிடத்தக்கதே அன்று.

நீர் தகடுகளுக்குக் கீழே இறங்கிவிட்டால், காற்றுப்பட்ட பகுதி இறுகிக் கெட்டுவிடும். பின்னர் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அப்பகுதி முழுமையாக உயிர்பெறாது. அதற்காக விளிம்புவரை நிரப்புவதும் கூடாது. மின்னேற்றத்தின்போது கரைசல் விரிந்து பொங்கும். வழிந்தோடுவது அமிலமாகவே இருக்கும். எனவே மின்னேற்றம் முடிந்த பின்னரே உரிய குறிவரை நிரப்பவேண்டும். தகடு வெளியே தெரிந்தால் மட்டும், மின்னேற்றத்திற்கு முன்பே அது மூழ்கும் அளவுக்குச் சிறிது ஊற்றலாம். இன்வெர்ட்டர் பேட்டரியில் மிதவைகள் நீர்மட்டத்தைக் காட்டும். ஜீப்பில் ஆறு மூடிகளையும் திறந்து பார்க்கவேண்டும். ஓர் அறை நிறைந்திருப்பதால் மற்றவையும் நிறைந்திருக்கும் என்று கொள்ளலாகாது.

மலைச்சாலைச் சரிவில் நிறுத்திய ஜீப்பில் நீர்மட்டம் பார்ப்பது வீண். அறையின் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் தோன்றும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தியே பார்க்கவேண்டும். கடலில் செல்லும் பாய்மரப் படகிற்கு இவ்வசதி இல்லை. காற்று பாயில் மோதும்போது படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே மணிக்கணக்கில் ஓடும். நீர் குறைந்த மின்கலத்தில் அத்தனை நேரமும் தகட்டின் ஒரு பகுதி வெளியே நிற்கும். அங்கே விளக்கும் வானொலியும் திசைகாட்டும் கருவிகளும் மின்கலத்தையே நம்பியுள்ளன. உதவிக்கு அழைக்கவேண்டிய வேளையில் வானொலி அடங்கிவிடுமாயின் உயிருக்கே இடர். உப்புநீர் மின்கலத்தினுள் புகுந்தாலோ நச்சுத்தன்மையுள்ள குளோரின் வளிமம் தோன்றும். ஆகவே படகோட்டிகள் துறைமுகத்தை விட்டு நீங்கும் முன்பே நீர்மட்டத்தைச் சரிபார்க்கின்றனர்.

இவ்வேலையைப் பெரியவர்கள் உடனிருக்கையில்தான் செய்யவேண்டும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறியால் வெடிக்கும். ஆகையால் மின்கலம் இருக்கும் அறையில் காற்றோட்டம் வேண்டும். உள்ளே நீர் தெரிகிறதா என்று பார்க்கத் தீக்குச்சி கிழிப்பது பேராபத்து, கைவிளக்கைப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் புனலே ஏற்றது. உலோகப் புனல் இரு முனைகளையும் ஒருங்கே தொட்டால் தீப்பொறி பறக்கும். கண்ணாடியும் கையுறையும் அணியவேண்டும். அமிலம் தோலில் பட்டால் உடனே நிறைய நீர் விட்டுக் கழுவவேண்டும். கண்ணில் தெறித்தால் இடைவிடாது கழுவியபின் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

முழுவதும் மூடி முத்திரையிட்ட பேட்டரிகளும் இப்போது வந்துள்ளன. அவற்றில் பிரியும் ஆக்சிஜன் உள்ளேயே மீண்டும் நீராகிவிடுவதால் நீர் ஊற்றத் தேவையில்லை. அவற்றின் மூடியை நெம்பித் திறக்கக் கூடாது.