உயர்த்திய ஜீப்புக்குப் பெரிய டயர்: பணத்தோடு சட்டமும் பார்க்க வேண்டும்

புதுடெல்லி: கரடுமுரடான பாதைக்காக ஜீப்பை உயர்த்துவோர் அடுத்துத் தேடுவது பெரிய டயர். தலைநகரின் கரோல்பாக், காஷ்மீரி கேட் கடைத்தெருக்களில் பேரம் பேசும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஸ்பிரிங்கை மாற்றினால் வண்டியின் உடல்தான் உயரும். பின் அச்சு இருந்த உயரத்திலேயே நிற்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே. அதுவும், கூடும் விட்டத்தில் பாதியளவுதான். 2020இல் வெளிவந்த மகிந்திரா தார் வண்டியின் ஒரு ரகத்துக்கு நிறுவனம் தந்த டயர் 245/75 ஆர் 16. விட்டம் சுமார் 774 மி.மீ. அதே 16 அங்குலச் சக்கரத்துக்கான 265/75 டயரின் விட்டம் 804 மி.மீ. ஆக, கிடைப்பது 15 மி.மீ. உயரம். வேகமானி 100 காட்டும்போது வண்டி ஏறத்தாழ 104 கி.மீ. வேகத்தில் ஓடும். 33 அங்குல டயரிலோ அது 108 ஆகும். பிரேக்கும் கியரும் கூடுதல் சுமையைத் தாங்க வேண்டும். எரிபொருள் செலவைச் சொல்லவே வேண்டாம்.

சிக்கனம் வேண்டுவோர் சக்கரத்தை மாற்றாமல், டயர் அளவில் மட்டும் ஒரு படி ஏறுவதே உத்தமம். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டிக்கு, மாற்று டயரையும் சேர்த்து ஐந்தும் ஒரே அளவில் வேண்டும். தள்ளுபடியில் கிடைப்பது பழைய சரக்கா என்பதைப் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் சொல்லும்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத் தயாரிப்பு.

இத்தனைக்கும் பிறகு சட்டம் குறுக்கே நிற்கிறது. தயாரிப்பாளரின் மூல வடிவமைப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக்கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.