கூடி அவிழ்க்கும் புதிர்

குறுக்கெழுத்துப் புதிர் என்றதும் தமிழ் வாசகர் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது வார இதழ்களில் வெளியாகும் கட்டமும், இராமனின் தம்பி யார், சோழரின் தலைநகர் எது என்பது போன்ற நேரான குறிப்புகளுமே ஆகும். பிரிட்டனில் 1920களிலிருந்து வளர்ந்துவந்துள்ள மறைகுறிப்புக் குறுக்கெழுத்து இதிலிருந்து முற்றிலும் வேறான ஒரு கலை. அதில் ஒவ்வொரு குறிப்பும் படிப்பதற்கு ஓர் இயல்பான வாக்கியம் போலத் தோன்றினாலும், உள்ளே இரண்டு பகுதிகளைக் கொண்டிருக்கும்: ஒன்று விடையின் நேர்ப்பொருளைத் தரும்; மற்றொன்று அதே விடையின் எழுத்துகளை எப்படித் திரட்டுவது என்பதைச் சொல்விளையாட்டாகக் கூறும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து சேரும்போதுதான் விடை உறுதியாகிறது.

தமிழிலேயே ஓர் எடுத்துக்காட்டு அமைத்துப் பார்க்கலாம். ‘புலவர் தமதுரையில் மறைத்து வைத்த பழைய நகரம் (3)’ என்ற குறிப்பில், அடைப்பிலுள்ள எண் விடையின் எழுத்துகளைக் குறிக்கிறது. ‘பழைய நகரம்’ என்பது நேர்ப்பொருள். ‘தமதுரையில்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘மதுரை’ ஒளிந்திருக்கிறது. புலவரும் அவரது உரையும் வாக்கியத்தின் வெளித்தோற்றத்துக்காக வந்தவர்கள். விடைக்கும் அவர்களுக்கும் உறவில்லை. வெளித்தோற்றம் எவ்வளவு இயல்பாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் புதிராசிரியரின் திறமை பாராட்டப்படும்.

இந்த வகையை ‘அப்சர்வர்’ இதழில் 1926 முதல் வளர்த்தெடுத்தவர் எட்வர்ட் போவிஸ் மாதர்ஸ். விடைகாண்போரை வதைப்பவர் என்ற பொருளில், ஸ்பானிய மதவிசாரணைத் தலைவர் டார்க்கமாடாவின் பெயரையே அவர் புனைபெயராக வைத்துக்கொண்டார். 1939இல் அவர் மறைந்தபின் அவ்விடத்துக்கு வந்த டெரிக் மக்னட், மற்றொரு விசாரணைத் தலைவரான ஸிமெனிஸின் பெயரை ஏற்றார். அவருக்குப்பின் 1972இல் தொடங்கிய ஜொனாதன் கிரவுதர், டேஸா என்ற மூன்றாமவரின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து முன்னாகத் திருப்பி ‘அஸெட்’ ஆனார். பெயர்கள் கொடுமையைச் சொன்னாலும், இந்த மரபு நியாயத்தையே வலியுறுத்தியது. மக்னட் 1966இல் வெளியிட்ட நூல் அந்த நியாயத்தை விதிகளாகவே வகுத்தது: புதிராசிரியர் வாசகரைத் திசைதிருப்பலாம், ஆனால் குறிப்பை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்கும்போது அது விடையைப் பிசகின்றிச் சொல்லியாக வேண்டும். கடினமான புதிரை நாள்கணக்கில் பொறுமையாக அவிழ்க்க முன்வருவோருக்கு இந்த உறுதிமொழியே பற்றுக்கோடு.

கடினத்தின் உச்சியில் நிற்பது ‘லிசனர்’ குறுக்கெழுத்து. பிபிசி நிறுவனம் நடத்திய ‘தி லிசனர்’ வார இதழில் 1930 ஏப்ரல் 2 அன்று தொடங்கிய இது, அவ்விதழ் 1991இல் நின்றுபோனபின் ‘தி டைம்ஸ்’ நாளிதழின் சனிக்கிழமைப் பதிப்புக்கு இடம்பெயர்ந்து இன்றும் வாரந்தோறும் வெளிவருகிறது. இதன் கட்டத்தில் கறுப்புச் சதுரங்கள் பெரும்பாலும் இரா. சொற்களைப் பிரிப்பவை தடித்த கோடுகளே. விடைகளில் பல, ‘சேம்பர்ஸ்’ அகராதியைப் புரட்டினால் மட்டுமே கிடைக்கும் அருஞ்சொற்கள். இவற்றைவிட முக்கியமானது, புதிர் முழுவதையும் கட்டியாளும் மையப்பொருள். அது ஒரு கவிதையாக, ஓவியமாக, அறிவியல் கண்டுபிடிப்பாக, வரலாற்று நிகழ்ச்சியாக இருக்கலாம். ஆனால் எது என்று எங்கும் சொல்லப்பட்டிருக்காது. புதிரின் தலைப்பில் உள்ள முன்னுரை சில வரிகளில் நிபந்தனைகளை மட்டும் கூறும்: சில குறிப்புகளில் ஓர் எழுத்துப் பிழையாக அச்சாகியிருக்கும், சிலவற்றில் தேவையற்ற ஒரு சொல் நுழைந்திருக்கும், சில விடைகளை மாற்றியமைத்த பிறகே கட்டத்தில் எழுத வேண்டும்.

அச்சுப்பிழை உத்தியைத் தமிழில் கற்பனை செய்தால் அதன் நுட்பம் விளங்கும். ‘நகரம் குழம்பினால் ஆவிகள் சேரும் இடம் (4)’ என்று ஒரு குறிப்பு இருப்பதாகக் கொள்வோம். ‘நகரம்’ என்ற சொல்லின் எழுத்துகளைக் குழப்பினால் ‘நரகம்’ கிடைக்கிறது. அங்கே சேர்வோர் பாவிகள் என்பதால், ‘ஆ’ என்ற பிழையைத் திருத்தும் எழுத்து ‘பா’. அடுத்து ‘அவரைத் தலையிழக்கச் செய்தால் மழை (2)’. ‘அவரை’ என்பது இங்கே ஆளும் அன்று, காயும் அன்று. முதலெழுத்தை நீக்க வேண்டிய வெறும் எழுத்துத்தொடர். நீக்கினால் ‘வரை’, அதன் பொருள் மலை என்பதால் திருத்தும் எழுத்து ‘லை’. இரண்டையும் சேர்த்தால் ‘பாலை’ என்று வருகிறது. கட்டத்தின் நான்கு மூலைகளில் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் ஆகியவை முன்பே விடைகளாக அமைந்திருக்க, நடுவிலுள்ள இரு கட்டங்களுக்கு மட்டும் குறிப்பே தரப்படவில்லை என்றும், அவற்றைப் ‘பழைய இலக்கணம் வகுத்தபடி’ கையாள வேண்டும் என்று முன்னுரை சொல்வதாகவும் வைத்துக்கொண்டால், அவசரப்படுபவர் அங்கே ‘பாலை’ என்று எழுதிவிடுவார். ஆனால் தொல்காப்பியம் நடுவே நிற்கும் பாலைக்குத் தனியே நிலம் வகுக்கவில்லை. ஆகவே அந்த இரு கட்டங்களையும் வெறுமையாக விடுவதே சரியான விடை. லிசனர் புதிர்களில் எல்லாச் சொற்களையும் கண்டுபிடித்தவர்களும் தோற்றுப்போவது பெரும்பாலும் இத்தகைய கடைசிப் படியிலேதான்.

கூட்டாக அமர்ந்து அவிழ்ப்பதன் பயன் இந்த இடத்தில்தான் தெரிகிறது. எழுத்துகளைக் குழப்பிச் சேர்ப்பதில் வல்லவர் ஒருவருக்கு ‘நரகம்’ நொடியில் வந்துவிடும், ஆனால் தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தை அவர் தொட்டிருக்கமாட்டார். அதைக் கற்றவருக்கு நான்கு மூலைகளையும் கண்டவுடன் ஐந்தாவது எங்கே என்ற கேள்வி எழும், ஆனால் அந்த மூலைகளை நிரப்ப அவருக்கு முதலாமவர் வேண்டும். முல்லையும் குறிஞ்சியும் வறட்சியால் திரிந்தே பாலையாகிறது என்ற சிலப்பதிகாரக் கருத்தை மூன்றாமவர் முன்வைத்து, அந்த மூலைகளையல்லவா மாற்ற வேண்டும் என்று மறுத்தால், மூவரும் முன்னுரையின் ஒவ்வொரு சொல்லையும் மறுபடி எடைபோட நேரிடும். ‘இலக்கணம்’ என்ற சொல் காப்பியத்தைச் சுட்டாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்து சேரும் அந்த விவாதமே இப்புதிரின் உண்மையான இன்பம். கூடி அவிழ்ப்பதைக் குறுக்குவழி என்று கருதுவோர் உண்டு. புதிராசிரியர் நூலகம் முழுவதையும் துணைக்கொண்டு மாதக்கணக்கில் அமைத்ததை, விடைகாண்போர் ஒருவருக்கொருவர் துணையாகி அவிழ்ப்பதில் குறை காண ஒன்றுமில்லை. நல்ல குழுக்களில் எழுதப்படாத ஒரு நெறியும் உண்டு: விடை கண்டவர் அதை உடனே உரக்கச் சொல்லிவிடுவதில்லை, எந்தக் குறிப்பை மீண்டும் பார்க்க வேண்டும் என்று சுட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்.

மையப்பொருள் வெறும் விளையாட்டாக மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பதை ஜான் கிரேஹாம் காட்டினார். ‘அரக்கேரியா’ என்ற புனைபெயரில் ‘கார்டியன்’ நாளிதழில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புதிர்கள் அமைத்த இந்தப் பாதிரியார், 2013 ஜனவரியில் தமது 91ஆம் வயதில், தமக்கு உணவுக்குழாயில் புற்றுநோய் வந்திருப்பதை ஒரு புதிரின் விடைகளாகவே வாசகர்களுக்கு அறிவித்தார். தம்மோடு பல்லாண்டுகளாகக் கட்டங்களின் வழியே உரையாடிவந்தவர்களுக்கு அதே மொழியில் அவர் சொன்ன செய்தி அது. அவ்வாண்டு நவம்பரில் அவர் மறைந்தார்.

இக்கலை சென்னைக்கு வந்தது ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் 1971இல் தொடங்கிய குறுக்கெழுத்தின் வழியே. அதைத் தொடக்கத்தில் அமைத்தவர், இந்தியக் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் இந்தியரான ராம் தாஸ் கட்டாரி. அன்றுமுதல் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பலர் காலைக் காப்பியோடு ஆங்கிலச் சொல்விளையாட்டில் தேர்ந்திருக்கின்றனர். அவர்களது தாய்மொழிக்கு இந்த உத்திகள் புதியவை அல்ல. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவி வகைகளுள் கரந்துறைச் செய்யுள் என்பது ஒரு பாட்டுக்குள் மற்றொரு பாட்டை ஒளித்து வைப்பது. அக்கரச்சுதகம் என்பது ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாக நீக்கி வெவ்வேறு பொருள் பெறுவது. ‘மதுரை’யை ஒளித்ததும் ‘அவரை’யின் தலையை நீக்கியதும் இவற்றின் எளிய வடிவங்களே. தமிழில் மறைகுறிப்புப் புதிர்கள் அமைப்போர் இன்றும் இருக்கின்றனர். ஆனால் முன்னுரையும் மையப்பொருளும் இறுதிப் படியும் கொண்ட முழு அளவிலான புதிர்கள் இன்னும் அரிதாகவே உள்ளன. தமிழ் இதழ்கள் மாதம் ஒரு பக்கத்தையேனும் இதற்கு ஒதுக்க முன்வர வேண்டும். வாசகர்களும் அத்தகைய புதிர் கைக்கு வரும்போது தனியே திணறிக் கைவிட்டுவிடாமல், இலக்கணம் கற்ற ஒருவரையும் எழுத்துகளைக் கலைத்துச் சேர்ப்பதில் கைதேர்ந்த ஒருவரையும் அருகில் அமர்த்திக்கொண்டு தொடங்குவது நல்லது.