சங்கிலியும் சுதந்திரமும்: பழைய காசுகள் கூறும் பாடம்

சங்கிலி என்பது ஒரே பொருள்தான். கழுத்தில் அணிந்தால் அதனை அணிகலன் என்கிறோம். காலில் பூட்டினால் விலங்கு என்கிறோம். கண்ணியோடு கண்ணி சேர்ந்திருப்பதைக் கண்டு ஒருவர் ஒற்றுமையை நினைப்பார். மற்றொருவர் அடிமைத்தனத்தை நினைப்பார். இவ்விரண்டு கருத்துகளையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழைய செப்புக் காசுகளில் நாம் காணலாம். உள்ளங்கையில் அடங்கும் சிறு காசுகள் அவை. ஆனால் அவை புகட்டும் பாடமோ பெரிது.

பிரிட்டனின் ஆட்சியை உதறி, 1776-ஆம் ஆண்டு தம் விடுதலையை அறிவித்தவை 13 மாநிலங்கள். தனித்தனியே இயங்கிய அவற்றை ஒன்றாகப் பிணைப்பது எளிதாக இருக்கவில்லை. அந்த ஆவலின் அடையாளமாக 1787-இல் ஒரு செப்புக் காசு வெளிவந்தது. அதன் ஒருபுறத்தில் கதிரவனும் நிழற்கடிகாரமும் உள்ளன. 'பியூஜியோ' என்ற இலத்தீன் சொல்லும் உள்ளது. 'நான் ஓடுகிறேன்' என்பது அதன் பொருள். காலமே நம்மோடு பேசுவதாகக் கொள்ள வேண்டும். மறுபுறத்தில் 13 வளையங்கள் ஒன்றோடொன்று கோத்து வட்டமாக நிற்கின்றன. நடுவில் 'நாம் ஒன்று' என்ற வாசகம். பெரியவர் பெஞ்சமின் பிராங்ளின் தந்த கருத்து இது என்பர்.

பின்னர் 1792-இல் பிலடெல்பியா நகரில் அரசின் நாணயச்சாலை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அங்கிருந்து மக்களின் புழக்கத்திற்காக முதல் சென்ட் காசுகள் வெளியாயின. அவற்றின் முகப்பில் கூந்தல் காற்றில் பறக்கும் ஒரு பெண்ணின் தலை. அவளே சுதந்திர தேவி. பின்புறத்தில் 15 கண்ணிகள் கொண்ட சங்கிலி. அதற்குள் வெர்மான்ட்டும் கென்டக்கியும் சேர்ந்து மாநிலங்கள் பதினைந்தாகியிருந்தன. ஆகவே, ஒரு மாநிலத்திற்கு ஒரு கண்ணி!

வடிவமைத்தவர்கள் ஒற்றுமையைக் காட்டவே எண்ணினர். மக்களின் கண்ணுக்கோ விலங்குதான் தெரிந்தது. சுதந்திரத்தின் மறுபக்கத்தில் சங்கிலியா? இது நல்ல சகுனமன்று என்று செய்தித்தாள் குறை கூறிற்று. அந்தப் பெண்ணின் முகமும் அஞ்சி நடுங்குவது போல் இருக்கிறது என்றனர். 36,103 காசுகள் அடித்ததோடு அவ்வடிவம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் சங்கிலி இருந்த இடத்தில் இலைமாலை வந்து அமர்ந்தது.

காசின் மேலிருந்த சங்கிலி சில வாரங்களில் நீங்கியது. மனிதர் மேலிருந்த சங்கிலி நீங்கியதா? இல்லையே! 1790-இல் எடுத்த குடிக்கணக்கின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 7 இலட்சம் அடிமைகள் இருந்தனர். 1793 பெப்ரவரி 12 அன்று, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்து உரிமையாளரிடம் ஒப்படைக்க வகை செய்யும் சட்டம் கையெழுத்தாயிற்று. அதை இயற்றிய காங்கிரஸ் கூடியதும் அதே பிலடெல்பியாவில்தான். மூன்று வாரங்கள்கூடக் கழியவில்லை. சுதந்திர தேவியின் முகம் தாங்கிய காசுகள் அங்கிருந்து வெளிவந்தன!

இந்த முரண்பாட்டைக் கண்டு வருந்திய நல்லோரும் இருந்தனர். 1787-இல் இங்கிலாந்தில் ஜோசையா வெட்ஜ்வுட் என்னும் மண்பாண்டத் தொழில் வல்லுநர் ஒரு சிறு பதக்கம் செய்தார். கைகால்களில் சங்கிலி பூண்ட ஓர் ஆப்பிரிக்கர் மண்டியிட்டு, 'நான் மனிதனல்லவா? உன் சகோதரனல்லவா?' என்று கேட்கிறார். சீமாட்டிகள் இதனை வளையலிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்தனர். 1788-இல் வெட்ஜ்வுட் இப்பதக்கங்களைப் பிராங்ளினுக்கும் அனுப்பினார். ஒரு காலத்தில் தாமே அடிமைகளை வைத்திருந்தவர் பிராங்ளின். 1790-இல், தாம் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் விண்ணப்பத்தில் கையொப்பமிட்டார்.

நம்மைப் போன்ற பெண்களுக்கு நெஞ்சைத் தொடும் காசு 1838-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாட்டில் சில்லறைத் தட்டுப்பாடு மிகுந்திருந்த அக்காலத்தில் தனியார் அடித்த செப்புக் காசுகள் சென்டுக்குப் பதிலாகக் கைமாறின. அவற்றுள் ஒன்றில் சங்கிலியிட்ட பெண் ஒருத்தி மண்டியிட்டு, 'நான் பெண்ணல்லவா? உன் சகோதரியல்லவா?' என்று கேட்கிறாள். திருப்பிப் பார்த்தால் இலைமாலைக்குள் 'சுதந்திரம்' என்ற சொல்!

இரு காசுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 1793-இன் காசில் பெண்ணின் பெயர் சுதந்திரம். சங்கிலி வெறும் அலங்காரம். 1838-இன் காசில் சுதந்திரம் வெறும் சொல். சங்கிலி பெண்ணின் கையில். முதற்காசு மறைத்ததை இரண்டாம் காசு வெளிப்படுத்துகிறது. கடையில் கொடுத்து வாங்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குச் சென்றது. அந்நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'சகோதரன்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. புனித சின்னப்பர் தாமே விலங்கு பூண்டிருந்தபோது பிலேமோனுக்கு எழுதிய திருமுகத்தில், ஒனேசிமுவை இனி அடிமையாக அல்ல, அன்புச் சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டினார் அன்றோ!

2024-இல் அமெரிக்க அரசு ஹாரியட் டப்மன் அம்மையாரின் நினைவாக நாணயங்கள் வெளியிட்டது. அடிமையாய்ப் பிறந்து, 1849-இல் தப்பி, மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்று ஏறத்தாழ 70 பேரை மீட்டவர் அவர். அவர் மண்டியிடவில்லை, வெள்ளி டாலரில் நம்மை நோக்கிக் கை நீட்டுகிறார். அதன் பின்புறத்தில் கோத்த இரு கரங்களே பாலமாக, அதன்மேல் மக்கள் நடந்து செல்கின்றனர்.

ஒற்றுமை நல்லது. ஆயினும் 'நாம் ஒன்று' என்று எழுதிய 13 வளையங்களுக்கு வெளியே இலட்சக்கணக்கானோர் நின்றதை மறத்தலாகாது. நாமும் தோழியரோடு கைகோத்து நிற்கிறோம். அந்த வட்டத்திற்கு வெளியே ஒருத்தி தனியே நிற்கின்றாளா என்று திரும்பிப் பார்ப்போம். நின்றால், ஒரு கையை விடுவித்து அவளை நோக்கி நீட்டுவோமாக!